விளக்கு வைத்த பின் சுற்றும் நிலா

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை கண் விழிக்கும்போதே அஸ்வத்தின் கை கட்டிலின் மறுபக்கத்தைத் தடவியது. அங்கே யாரும் இல்லை என்பது முதலில் கைக்குத் தெரிந்தது. பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

தாரணி வடபழனியில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூடத் தேவலை. மிச்சச் சண்டையைப் போடவாவது திரும்பி வந்திருப்பாள். அவளோ துணிமணியை நிதானமாகப் பையில் அடுக்கினாள், போன் சார்ஜரை மறக்காமல் சுருட்டி வைத்தாள், வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கண்ணனை வேலை தெரியாதவன்னு துரத்தின வீட்ல நான் எப்படிச் சாப்பிடறது, சொல்லுங்க?"



எல்லாம் நிலாவால் வந்தது. வானத்து நிலா பாவம், அதன் மேல் பழி வேண்டாம். இது அஸ்வத் உண்டாக்கிய நிலா. வெள்ளையாக, வட்டமாக, தோசைக்கல் அகலத்தில் தரையோடு தரையாக ஊர்ந்து தூசியை உறிஞ்சுகிற வேக்குவம் கிளீனர். படம் போட்டவன் அஸ்வத். வடபழனியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பாகம் பாகமாகப் பூட்டியவன் மகேஷ். கல்லூரியில் ஒரே பெஞ்சுக்காரன், பிறகு தங்கையையும் கொடுத்தவன். இரண்டு பேரும் செய்ததைத் தி. நகரில் தன் பாத்திரக்கடையில் வைத்து விற்றவர் அஸ்வத்தின் அப்பா கனகராஜ்.

விற்ற கொஞ்ச நாளில் புகார்கள் வரத் தொடங்கின. பிரஷ்ஷில் முடி சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. தூசிக் கிண்ணம் ஒரு அறைக்குள்ளேயே நிரம்பிவிடுகிறது. கோலமாவு பட்டால் ஃபில்ட்டர் அடைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது.

ஆனால் ராஜா அண்ணாமலைபுரத்தில் அஸ்வத்தின் சொந்த வீட்டில் ஒரு வருஷமாக ஓடும் முதல் நிலா, அவன் தன் கையாலேயே பூட்டியது, ஒரு நாள்கூட நின்றதில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவனே அதை விடுவான். அது பாட்டுக்கு ஹாலைச் சுற்றி, அறைகளைச் சுற்றி, சாதுவாகத் தன் இடத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும். கிண்ணத்தைத் திறந்தால் ஒரு சிட்டிகைத் தூசி இருக்கும், அவ்வளவுதான்.

அதே படம், அதே மோட்டார். அங்கே நிற்கிறது, இங்கே நிற்கவில்லை. அப்படியானால் தப்பு படத்தில் இல்லை, பூட்டிய கையில்தான். இதை அஸ்வத் போன வாரம் மகேஷின் முகத்துக்கு நேராகச் சொன்னான். மகேஷ் திருப்புளியைக் கீழே வைத்தான். "நீயே சொல்லிட்டல்ல மச்சி, அப்பறம் இன்னா கீது" என்றான். கொட்டகை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாளைக்குச் சனிக்கிழமை. அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு நிலா பூட்டுகிற வேலையைக் கைமாற்றிவிடப் போகிறான் அஸ்வத். அப்படிக் கைமாறிவிட்டால் தாரணி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வேறு வழி தெரியவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா புஷ்பம் வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தாள். அவன் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நாளைக்கு அம்பத்தூர் போகத்தான் செய்யணுமாடா?"

"வேற என்னம்மா செய்யறது?"

"அந்தப் பய மகேசு நல்ல பயல்லா."

"நல்லவன்தாம்மா. வேலைதான் சரியில்லை."

புஷ்பம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, பேச்சை மாற்றிக்கொண்டாள்.

"சாயங்காலம் எப்பவும்போல ஆறரைக்குத்தான வருவ?"

"ஆமாம்மா. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

* * *

தி. நகர் கடையில், இட்லிக் கொப்பரைகளுக்கும் பிரஷர் குக்கர்களுக்கும் நடுவில், திரும்பி வந்த நிலாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வெளியே தெருவின் வெளிச்சம் பாத்திரங்களில் பட்டுத் தெறித்து நிலாக்களின் முதுகில் அலைந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தன.

கனகராஜுக்கு அந்த அழகெல்லாம் கண்ணில் படவில்லை.

"ஏல, இங்க வா. நம்ம கடையில இட்லிக் கொப்பரை வாங்கிட்டுப் போனவன் எவனாவது திருப்பிக் கொண்டாந்திருக்கானா? இட்லி வேகலைன்னா மாவைத்தான் திட்டுவான், இல்ல பொண்டாட்டியைத் திட்டுவான். ஒன் நிலாவைக் கொண்டாந்து வச்சிட்டு என்னையத் திட்டுதான்."

"அதுக்குத்தாம்பா நாளைக்கு அம்பத்தூர்ல…"

"அம்பத்தூரு கெடக்கட்டும். நீ ஒரு புகார்காரங்க வீட்டுக்காவது போயிருக்கியா?"

"மகேஷ்தான் போவான்."

"போயிட்டு வந்து என்ன சொன்னான்?"

அஸ்வத் ஒரு குக்கர் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். "பிரஷ் ரெண்டு ஓரத்துலயும் இடைவெளி இருக்கு, அது வழியா முடி உள்ள போகுதுன்னான். கிண்ணம் சின்னதுன்னான். படத்தை மாத்துன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"நம்ம வீட்ல போகலையேப்பா. ஒரு வருஷமா போகலையே."

கனகராஜ் ஊரிலிருந்து வந்து இந்தத் தெருவில் கடை போட்டவர். வாடிக்கையாளர் முகம் கோணினால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த ஒரு வாரமாக மருமகள் பரிமாறாத சோறும் இறங்கவில்லை. அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

"மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுல மெகபூப் அலி பாய் வீடு தெரியும்லா? அந்த வீட்டம்மா அமீனா பீ காலையிலேருந்து நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. நீயே போ. போயிட்டு வந்து மகேசைப் பத்திப் பேசு."

"நீங்களும் வாங்களேம்பா."

"எனக்கு வேற சோலி இருக்கு. மத்தியானம் ஒரு எடத்துக்குப் போகணும்."

கடையைப் பூட்டுகிற நேரம் தவிர வேறு நேரத்தில் கனகராஜ் கல்லாவை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. அஸ்வத்துக்கு இருந்த யோசனையில் அது உறைக்கவில்லை.

* * *

"வா தம்பி வா. நீதான் இத்த கண்டுபுடிச்சவனா?" என்றாள் அமீனா பீ.

அந்தக் கேள்வியில் மரியாதை இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அஸ்வத்தால் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மாடி வீடு. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக இறங்கிப் பாதி ஹாலை எடுத்துக்கொண்டிருந்தது. அமீனா பீ உள்ளே போய் நிலாவைப் பழைய துப்பட்டா ஒன்றில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜுரம் வந்த குழந்தையை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாய் கடையிலேர்ந்து வாங்கினு வந்தாரு. கனகராஜண்ணன் கொடுத்தா தப்பாவா இருக்கும்னாரு. மொத நாளு சந்தோசமாத்தான் இருந்தேன். இப்ப எனக்கு ரெண்டு வேல தம்பி. வூட்ட பெருக்கறது ஒண்ணு, இத்த பெருக்கறது ஒண்ணு."

"கொஞ்சம் திறந்து காட்டறீங்களா?"

"தொறக்கறேன், நீ தள்ளிக்கோ."

அவன் தள்ளிக்கொள்ளவில்லை. கிண்ணத்தின் மூடி கீழ்ப்பக்கமாகத் திறந்தது. அது அப்படித்தான் திறக்கும், அப்படித்தான் அவன் படம் போட்டிருந்தான். அவன் வீட்டுச் சிட்டிகைத் தூசிக்கு எப்படித் திறந்தால் என்ன? இங்கே கிண்ணம் பிதுங்க நிரம்பியிருந்தது. அத்தனையும் அவன் மடியில், முகத்தில், தலையில் கொட்டியது.

மிச்சம் காற்றில் எழும்பியது. வெயில் விழுந்த இடத்தில் தூசி பொன்னாக மிதந்தது. மெல்ல ஏறி, மெல்லத் திரும்பி, எங்கும் இறங்க மனமில்லாமல் அலைந்தது. அஸ்வத் தும்மக்கூட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வீட்டுக்குள் இவ்வளவு இருக்குமா என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு வருஷமாகத் தூசியோடு குடும்பம் நடத்தியவனுக்கு, தூசியை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பது போல இருந்தது.

"பாய்க்கு இன்னைக்கு ஜும்மாவுக்குப் போற சட்டை. காலையில இஸ்திரி போட்டு மாட்டி வெச்சேன். இத்த தொறந்தேன், போச்சு" என்றாள் அமீனா பீ.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். நிலாவைக் கவிழ்த்து, பிரஷ்ஷைச் சுற்றி இறுகியிருந்த முடியை வெட்டத் தொடங்கினாள். நீள நீளமான முடி. நடுவே பூக்கட்டிய நூல், ஜிகினா இழை, ஒரு ஹேர்கிளிப்பின் துண்டு.

"எம் பொண்ணுக்கு முடி இடுப்பு வரைக்கும். அத்த இன்னா வெட்டிடவா முடியும்? வாராவாரம் இதுக்குத்தான் ஆபரேஷன். ஓரத்துல பாரு, உள்ள போய் மாட்டிக்கினு கீது. ஊசியால நோண்டணும். உங்க ஆளு வந்தாரே, தாடி வெச்சிக்கினு…"

"மகேஷ்."

"அந்தத் தம்பிதான். ரொம்ப நேரம் உக்காந்து நோண்டி எடுத்துட்டுப் போச்சு. நான் பூட்டின எடத்துல தப்பு இல்லம்மா, ஆனா நாந்தான் சரி பண்ணித் தரணும்னுச்சு. தங்கமான புள்ள."

அஸ்வத் முடிக் கற்றையைக் கையில் வாங்கிக்கொண்டான். ஓரத்து மூடியைக் கழற்றிப் பார்த்தான். மகேஷ் பூட்டிய ஸ்க்ரூ துளியும் தளராமல் இருந்தது. அதைத் தாண்டி, படத்தில் அவன் விட்ட இடைவெளியில், முடி கயிறாகத் திரிந்து உட்கார்ந்திருந்தது.

"ஆனா எங்க வீட்ல இப்படி ஆகறதில்லையேம்மா" என்றான். பழகிப்போன வாக்கியம், தானாக வந்தது.

அமீனா பீ கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

"உங்க வூட்ல எத்தினி பொம்பளைங்க?"

"அம்மா இருக்காங்க. என் மனைவி… ரெண்டு பேர்."

"முடி கீதா?"

"இருக்கே. ரெண்டு பேருக்குமே நீளமான முடி."

"கொட்டாதா?"

அஸ்வத் கையில் இருந்த முடிக் கற்றையைப் பார்த்தான்.

"அப்ப தலைக்கு இன்னா எண்ணெ தடவறாங்கன்னு கேட்டுச் சொல்லு தம்பி" என்றாள் அமீனா பீ. "எனக்கு மெஷினு வேணாம். அந்த எண்ணெய வாங்கிக்கறேன்."

* * *

மந்தைவெளி வழியாக நடந்தே வீட்டுக்குப் போனான். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை. கடல்காற்று இறங்கியிருந்தது. பூக்காரம்மாவின் கூடையிலிருந்து ஈரச்சாக்கின் வாசனை வந்தது. அவன் தலைமுடியிலும் சட்டையிலும் இன்னும் மெகபூப் அலி பாய் வீட்டுத் தூசி இருந்தது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுக்கு ஒரு கனவு உண்டு. தாரணிக்கு மட்டும்தான் அதைச் சொல்லியிருக்கிறான். ஊர் முழுக்க விளக்கு ஏற்றுகிற நேரம். அடையாற்றில், மயிலாப்பூரில், பெசன்ட் நகரில், வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளை நிலா தரையில் சத்தமில்லாமல் சுற்றுகிறது. பெண்கள் குனியவில்லை. காலை நீட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். தாரணி அதைக் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கும் காப்பியை நிலாவே போட்டுக் கொடுக்குமா?" என்று சிரித்தாள். சிரித்தபோது அவிழ்ந்த முடி அவன் தோளில் விழுந்தது.

அவள் முடி!

அஸ்வத் நடைபாதையில் நின்றுவிட்டான். அவள் முடி அவன் சட்டைப் பொத்தானில் சுற்றியிருக்கும். சீப்பில் இருக்கும். குளியலறை ஜல்லடையில் இருக்கும், அதற்காகவே சண்டை நடந்திருக்கிறது. அவள் போய் ஒரு வாரமான பிறகும் இன்று காலை தலையணையில் ஒன்று இருந்தது, எடுத்துப் போட மனம் வராமல் விட்டுவிட்டு வந்தான். அம்மா வெள்ளிக்கு வெள்ளி தலைக்குக் குளித்து ஹாலில் நின்றுதான் கூந்தலை உதறிக் காயவைப்பாள்.

வீடெல்லாம் முடி இருக்கிறது. நிலாவின் பிரஷ்ஷில் மட்டும் ஒரு வருஷமாக ஒன்றுகூட இல்லை.

தான் கெட்டிக்காரன் என்பதற்கு அத்தாட்சியாக அவன் இத்தனை நாள் பார்த்து மகிழ்ந்த சுத்தமான பிரஷ், இப்போது வேறு எதற்கோ அத்தாட்சியாகத் தெரிந்தது. நடையை எட்டிப் போட்டான். வீட்டை நெருங்க நெருங்க ஏறக்குறைய ஓடினான்.

* * *

வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சர்ரக், சர்ரக் என்று சத்தம்.

புஷ்பம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, பூந்துடைப்பத்தால் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சும்மா பெருக்கவில்லை. சோபாவை நகர்த்திப் பெருக்கினாள். டிவி மேஜைக்குக் கீழே கையை விட்டு எடுத்தாள். மூலையில் நிலா படுத்திருக்கிற இடத்துக்குப் போனதும் அதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல ஒதுக்கி, அடியில் இருந்ததையும் கூட்டினாள். எல்லாவற்றையும் முறத்தில் அள்ளி நிமிர்ந்தபோதுதான் மகன் நிற்பதைப் பார்த்தாள்.

"நீ என்னடா இந்நேரத்துல? தலையெல்லாம் என்னது, மாவு மில்லுக்குப் போயிட்டு வாரியா?"

அஸ்வத் முறத்தைப் பார்த்தான். முடிச்சுருள் இருந்தது. காலையில் வைத்த மல்லிகையின் நூல் இருந்தது. கோலமாவும், பருப்புத் தோலும், ஊதுவத்திச் சாம்பலும் இருந்தன. அமீனா பீ வீட்டில் அவன் மடியில் கொட்டிய அதே சாமான்கள்.

"துடைப்பமே வேண்டாம்னு சொல்லியிருந்தேனேம்மா."

"சொன்ன."

"தினமும் பெருக்கறியா?"

புஷ்பம் முறத்தைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அத்தனை பெரிய முறத்தை எங்கே மறைப்பது?

"நீயும் தாரணியும் வேலை விட்டு வாரதுக்குள்ள முடிச்சிருவேன்" என்றாள், மெதுவாக.

"எதுக்கும்மா?"

"பின்ன என்னடா செய்ய? விளக்கு வச்ச பொறவு வீட்டைப் பெருக்கலாமா? லட்சுமி வெளிய போயிருவால்லா. நீ ஆசையா மெஷினை விடுத நேரம் ஆறரை. விளக்கு எரியும்போது அது வீட்டைக் கூட்டுதேன்னு எனக்குப் பக்குனு இருக்கும். வேண்டாம்னு சொன்னா ஒன் மூஞ்சி வாடிப்போவும். அதான் நானே முன்னால பெருக்கி எடுத்துட்டா, அது சும்மாதான சுத்தும்? கூட்டுன கணக்குல வராதுல்லா?"

எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு. மகன் மனமும் நோகவில்லை, லட்சுமியும் போகவில்லை. ஒரு வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாமல் முதுகு வலிக்க வலிக்க நடத்தியிருக்கிறாள்.

அஸ்வத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்த பிறகு அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தூசியும் கண்ணீருமாக முகமெல்லாம் சேறானது.

"ஏன்டா அழுத? நான் என்ன செஞ்சிட்டேன்?"

அவன் சொன்னான். துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. பெருக்கிய தரையில் ஓடியதால்தான் நிலா நிற்கவில்லை. நிற்காததால்தான் படம் சரி என்று நம்பினான். அதை நம்பித்தான் கிண்ணத்தைச் சின்னதாகவே வைத்தான், ஓரத்து இடைவெளியை அப்படியே விட்டான். அதை நம்பித்தான் மகேஷைத் துரத்தினான்.

புஷ்பம் முறத்தைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"அப்போ மகேசு தப்பு பண்ணலையா?"

"இல்லம்மா."

"தாரணி போனது…"

அஸ்வத் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் பெருக்குனதாலயா?"

"உன்னால இல்லம்மா. அவன் சொன்னப்போ நான் கேட்டிருக்கணும். ஒரு வீட்டுக்காவது போய்ப் பாத்திருக்கணும்."

அது சமாதானம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. புஷ்பத்துக்குப் பெண் குழந்தை கிடையாது. தாரணி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அவள் தலையைத் தன் மடியில் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். இன்றைக்குச் சீப்பை எடுத்தவள், யாருக்கு என்று தெரியாமல் திரும்ப மாடத்தில் வைத்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ விளக்கு ஏற்றும் நேரத்துப் பாட்டைப் போட்டார்கள். புஷ்பம் முறத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு முகம், கை, கால் கழுவிக்கொண்டு பூஜை அலமாரிக்குப் போனாள். திரியைத் திரித்தாள். எண்ணெய் விட்டாள். தீக்குச்சி கிழித்தாள், இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பற்றியது. விளக்கு ஏறியது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றாள்.

பிறகு வந்து முறத்தை எடுத்தாள். வெளியே கொட்டப் போகிறாள் என்று அஸ்வத் நினைத்தான்.

அவள் ஹாலின் நடுவில் நின்றாள். கோலம் போட மாவு தூவுகிற மாதிரி, முறத்தில் இருந்த குப்பை முழுவதையும் வீடெங்கும் வீசித் தூவினாள். முடியும் நூலும் மாவும் சாம்பலும் விளக்கு வெளிச்சத்தில் மெல்ல இறங்கித் தரையில் படிந்தன.

"அம்மா, என்னம்மா பண்ற? விளக்கு எரியுது."

"எரியட்டும்."

"வெள்ளிக்கிழமைம்மா."

"இந்த வீட்டு லட்சுமி வெளிய போயி ஒரு வாரம் ஆச்சுடா" என்றாள் புஷ்பம். "இனிமே யாரு போவான்னு பயந்து நான் வீட்டைப் பெருக்கணும்? விடு ஒன் நிலாவை."

அஸ்வத் எழுந்து போய் அதன் முதுகில் இருந்த பொத்தானை அழுத்தினான். நிலா விழித்துக்கொண்டது. எப்பவும்போலச் சாதுவாகக் கிளம்பி ஹாலின் குறுக்கே போனது. சோபா ஓரம் திரும்பியது. கோலமாவுக்குள் நுழைந்ததும் அதன் குரல் மாறியது, சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி. முடிச்சுருள் பிரஷ்ஷில் ஏறியது. ஒரு சுற்று சுற்றியது. ஒரு முனகல் கேட்டது. விளக்குக்கு எதிரே வந்து நின்றது. அதன் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கென்று எரிந்தது.

இந்த வீட்டில் நிலா நின்றது அதுதான் முதல்முறை. தோற்றுப்போன அந்தச் சாமானைப் பார்க்க அஸ்வத்துக்கு ஏனோ மார்பு லேசானது.

போனை எடுத்து மகேஷை அழைத்தான். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"இன்னா?"

"மச்சி, நிலா நின்னுடுச்சு. எங்க வீட்ல."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நீ சொன்ன அதே ஓரத்துலதான் முடி ஏறியிருக்கு. தப்பு என் படத்துலடா. அமீனா பீ வீட்டுக்குப் போயிருந்தேன். நீ போட்ட ஸ்க்ரூ அப்படியே இருக்கு. நான் அம்பத்தூருக்குப் போகலை. என்னை மன்னிச்சிடு."

"ஒரு வருசமா நிக்கலன்ன?"

"ஒரு வருஷமா எங்கம்மா முன்னாடியே பெருக்கி வெச்சிருந்தாங்கடா. லட்சுமி போயிடுவான்னு."

மகேஷ் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிக்கிற சத்தம். நடுவில் அது உடைந்தது.

"அம்மாவா? சரிதான் போ. நம்ம டெஸ்டிங் டிபார்ட்மெண்டே சாமி கும்புட்டுக்கினு இருந்துக்கீது."

"நாளைக்குக் காலையில கொட்டகைக்கு வரேன். புதுசா படம் போடலாம், நீ பக்கத்துல உக்காரு. இப்போ தாரணிகிட்ட போனைக் குடுடா."

"தாரணியா?" மகேஷின் குரல் மாறியது. "இன்னா மச்சி சொல்ற? உங்க நைனா மத்தியானமே வந்து கூட்டினு போய்ட்டாரே. தங்கச்சியும் பையை எடுத்துக்கினு ஒண்ணும் பேசாம அவரு கூடப் போச்சு. மூணு மணி இருக்கும். இன்னும் வூட்டுக்கு வர்ல?"

அஸ்வத் கடிகாரத்தைப் பார்த்தான். வடபழனியிலிருந்து இங்கே வர இவ்வளவு நேரம் ஆகாது. அப்பாவின் எண்ணை அழைத்தான். கடையில் வேலை செய்கிற முருகன்தான் எடுத்தான். அண்ணாச்சி போனைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இன்னும் கடைக்கும் திரும்பவில்லை என்றான்.

"என்னடா?" என்றாள் புஷ்பம்.

சொன்னான். அவள் பதறுவாள் என்று நினைத்தான். "உங்கப்பா கூடத்தான போயிருக்கா, வந்துருவா" என்றாள். தூசிமேல் பாதம் பதித்து நடந்து போய், ஒருக்களித்திருந்த வாசல் கதவை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்து வைத்தாள். கடல்காற்று உள்ளே வந்தது. விளக்குச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. தரையில் ஒரு முடிச்சுருள் தானாகவே கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றது.

"நான் இதையெல்லாம் பெருக்கி எடுத்துடவாம்மா?" என்று அஸ்வத் கேட்டான். துடைப்பம் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.

புஷ்பம் வாசலைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வேண்டாம். அப்படியே கெடக்கட்டும்" என்றாள். "அவ வந்து பாக்கட்டும்."